ஐந்து சேர்ந்தால் பஞ்ச்

தமிழுக்கு வர மறுக்கும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'பிரஞ்ச்'. மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கொடுத்தால், பிழை திருத்துபவர் அதைப் 'பிரெஞ்சு' என்று மாற்றிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, இரண்டுக்கும் பொதுவாக உண்பது என்பதுதான் பொருள். 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு வாரப் பத்திரிகையில் இதற்காக ஒரு விண்ணப்பமே எழுதினார். சனிக்கிழமை இரவு நேரம் கழித்துத் தூங்கப் போனவர்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் தொந்தரவு செய்யாதீர்கள், நண்பகலை ஒட்டி நிதானமாக ஒரே சாப்பாடாக முடித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய வாதம். தேநீருக்கும் காபிக்கும் பதிலாக பீரும் விஸ்கியும் அனுமதிக்கப்படும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ஆக, பிரஞ்ச் பிறக்கும்போதே கையில் கோப்பையோடுதான் பிறந்தது.

நமக்கு இது புதிதல்ல. காலை ஒன்பதரை மணிக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போய், மாலையில் டிபன் சாப்பிட்ட தலைமுறையைப் பார்த்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் துரைமார்கள் விடியற்காலையில் ஒரு கோப்பை டீயோடு பெரட்டுக்குப் போய், ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டு, வெயில் ஏறிய பிறகு பங்களாவுக்குத் திரும்பிப் பெரிய சாப்பாடாகச் சாப்பிட்டார்கள். பெயர்தான் இல்லை, பழக்கம் இருந்தது. அந்த நேரத்தில் ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வருவோம்.

இன்று மூணாறு விடுதிகளில் ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் என்று பலகை எழுதி வைக்கிறார்கள். அதில் 'பழ காக்டெயில்' என்று ஒன்று இருக்கும். காக்டெயில் என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. 1806-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அந்தச் சொல்லுக்கு விளக்கம் கொடுத்தபோது மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு ஆகியவற்றின் கலவை என்றுதான் எழுதியது. அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, நம் வீட்டுக்கு உறவான இன்னொரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம்: பஞ்ச். 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் இங்கே குடிக்கக் கற்றுக்கொண்டு தங்கள் ஊருக்கு எடுத்துப்போன பானம் அது. ஐந்து என்று பொருள்படும் 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதுதான் பெரும்பாலான அகராதிகளின் கட்சி. பீப்பாயைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. ஐந்து பொருட்கள் எவை என்பதில் மட்டும் அதிகச் சண்டை இல்லை: சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், தேயிலை அல்லது ஏதாவது ஒரு வாசனைப் பொருள்.

முதலாவதை எடுத்துவிட்டு அங்கே பழத்தை வையுங்கள். சர்க்கரை இருந்த இடத்தில் வெல்லம். தண்ணீருக்குப் பதில் சோடா. எலுமிச்சையும் தேயிலையும் அப்படியே இருக்கட்டும். ஐந்தில் நான்கு மூணாறிலும் சுற்று வட்டாரத்திலும் கிடைப்பவை. பழம் என்ற பெயரில் பாட்டிலில் அடைத்த நிறத் தண்ணீரை ஊற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஊர் இது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பழம். மூணாறு சாலையோரக் கடைகளில் கருஞ்சிவப்பாக, எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாகக் குவித்து வைத்திருப்பது பேஷன் ஃப்ரூட். கொடைக்கானல்காரர்கள் இதைத் தாட்பூட் பழம் என்பார்கள். இலங்கைத் தமிழர்களிடம் இன்னும் அழகான பெயர் இருக்கிறது: கொடித்தோடை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கொடி. அதன் பூவில் சிலுவைப்பாட்டின் அடையாளங்களைக் கண்ட ஸ்பானியப் பாதிரியார்கள் வைத்த பெயர்தான் 'பேஷன்'. காதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓட்டல் மெனுக்களை மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பழம் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. கொடியிலேயே பழுத்துத் தானாக விழும் பழம் இது. தோல் லேசாகச் சுருங்கியிருந்தால்தான் உள்ளே இனிப்பு ஏறியிருக்கும். வழவழவென்று இருப்பதை நாலைந்து நாள் வெளியில் வைத்துக் காத்திருங்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சாறும் விதையும், மீதியெல்லாம் ஓடு. பேஷன் ஃப்ரூட் கிடைக்காத நாளில் மரத்தக்காளி இருக்கிறது. டாப் ஸ்டேஷனைத் தாண்டி வட்டவடை போனால் ஸ்ட்ராபெரி இருக்கிறது. மறையூரைத் தாண்டிக் காந்தளூர் போனால் ஆரஞ்சும் பிளம்ஸும் பருவத்துக்குப் பருவம் வரும். இந்த இரண்டு ஊர்களிலும் தோட்டக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் அதிகம் பேசாதீர்கள். ஒரு மழைக்குத் தாங்காத பழத்தை விற்பவரிடம் பேரத்தில் ஜெயிப்பது பெரிய வீரம் இல்லை.

இரண்டாவது, வெல்லம். கேரளத்தில் சர்க்கரை என்று கேட்டால் வெல்லத்தைக் கொடுப்பார்கள். வெள்ளைச் சர்க்கரை வேண்டுமென்றால் பஞ்சசாரை என்று கேட்க வேண்டும். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் மறையூர். மூணாறு மழையில் ஊறும்போது மறையூர் மழை மறைவுப் பகுதியில் காய்ந்து கிடக்கும். அங்கே கரும்பு விளைகிறது. வயலோரத்துக் கொட்டகைகளிலேயே சாறு பிழிந்து, காய்ச்சி, கையால் உருண்டை பிடிக்கிறார்கள். கரும்பழுப்பு நிறம், உப்புக் கரிக்காத இனிப்பு. 2019-ல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பெயர் விலைபோகத் தொடங்கினால் அந்தப் பெயரை மட்டும் விற்பவர்களும் வந்துவிடுவார்கள். வேறு ஊர் வெல்லம் மறையூர் வெல்லமாக வேஷம் போடுகிறது என்பது அங்கே விவசாயிகளின் நெடுநாள் புகார். போகிற வழியில் கொட்டகையிலேயே வாங்குவது உத்தமம். இன்னொன்று: வெல்லம் என்பதால் நீரிழிவுக்காரர்களுக்குச் சலுகை எதுவும் கிடையாது. அதுவும் இனிப்புதான்.

மூன்றாவது, எலுமிச்சை. ஐந்தில் இது ஒன்றுக்குத்தான் மலையடிவாரத்தைப் பார்க்க வேண்டும். எலுமிச்சைக்குப் பேர்போனது இன்றைய தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி. தோட்டத் தொழிலாளர்களில் பலருடைய பாட்டன், பூட்டன்மார்கள் மலையேறி வந்ததும் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்துதான். பழத்தைப் பிழியும்போது கொட்டையை எடுத்துவிடுங்கள், கசக்கும்.

நான்காவது, தேயிலை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நான்கு டம்ளர் பஞ்சுக்குத் தேவைப்படும் தேயிலைத்தூள் சுமார் 5 கிராம். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஆக, உங்கள் டம்ளர்களுக்காக 20 கிராமுக்குச் சற்று அதிகமாக யாரோ ஒரு பெண் கிள்ளியிருக்கிறாள். 2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களுடைய ஒரு நாள் கூலி 232 ரூபாய். அந்தக் கூலிக்கு 21 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். டாடா டீ நிறுவனம் தோட்டங்களைக் கைமாற்றியபோது 2005-ல் உருவான கண்ணன் தேவன் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். பங்குதாரர்களே கூலி கேட்டுச் சாலைக்கு வந்த விசித்திரம் அது. தங்கள் பெயரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் பக்கத்தில்கூட விடவில்லை. பெம்பிளை ஒருமை என்ற பெயரை நாடு முழுவதும் தெரிந்துகொண்டது. கேட்ட 20 சதவீத போனஸ் ஒன்பது நாளில் கிடைத்தது. 500 ரூபாய் கூலி கிடைக்கவில்லை. அக்டோபரில் 301 ரூபாய்க்கு ஒப்பந்தமானது. துரை பங்களாவில் பெரிய சாப்பாடு நடந்த நேரத்தில் ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு, நூறாண்டு கழித்து அவர்களே கொடுத்த பதில் என்று இதை வைத்துக்கொள்ளலாம். தேயிலைத்தூளை அளந்து போடும்போது இந்தக் கணக்கு நினைவிருந்தால் கை தாராளம் காட்டாது.

ஐந்தாவது, சோடா. 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு மதுவாலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிகளின் மேலே நிற்கும் வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். குடித்தால் நாக்கில் குத்தியது, நன்றாகவும் இருந்தது. எப்படிச் செய்வது என்று 1772-ல் புத்தகமும் போட்டார். பணம் பண்ணியவர் ஜெனீவாவின் ஷ்வெப். 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் வாயுவைக் காப்பாற்ற ஒரு வழி கண்டார்: பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. உள்ளேயிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். அவர் ஊரில் அந்தப் பாட்டில் காட்சிப் பொருளாகிவிட்டது. நம் ஊரில் கோலி சோடா என்று உயிரோடு இருக்கிறது. கல்யாண வீட்டில், பெண் பார்க்கும் வீட்டில் 'கலர்' வாங்கி உபசரித்த சமூகம் நம்முடையது. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் இன்னமும் கடையில் நிற்கிறது.

ஆனால் சோடா என்பது வாயு மட்டுமல்ல, பெரும்பகுதி தண்ணீர். மூணாறு சாலை மறையூர், உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சியில் இறங்கி, மீண்டும் கேரள எல்லைக்குள் திரும்பினால் பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் தாலுகா. பிளாச்சிமடை அங்கேதான் இருக்கிறது. 2000-ல் கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் குறைந்தது, இருந்த நீரும் வாயில் வைக்க முடியாமல் போனது என்று சொல்லி, 2002 ஏப்ரலில் மயிலம்மா என்ற இரவாளர் பழங்குடிப் பெண்ணும் மற்றவர்களும் ஆலை வாசலில் பந்தல் போட்டார்கள். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. ஆலையால் 216 கோடி ரூபாய் இழப்பு என்று கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010-ல் கணக்கிட்டது. இழப்பீட்டுக்கான மசோதாவைச் சட்டப்பேரவை 2011-ல் ஒருமனதாக நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2007-ல் காலமான மயிலம்மா இந்தக் கணக்கு எதையும் பார்க்கவில்லை. 2017 மார்ச்சில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று அறிவித்தபோதும் தண்ணீர்தான் முதல் காரணமாகச் சொல்லப்பட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சோடாவே வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் போதும். 2014 செப்டம்பரில் கர்நாடகத்தின் தும்கூரில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, குளிர்பானங்களில் 5 சதவீதம் பழச்சாறாவது சேருங்கள், விவசாயி பிழைப்பார் என்று கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டார். வாயு ஏற்றிய பழ பானம் என்று பெயர் போட வேண்டுமானால், உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி பொதுவாக 10 சதவீதம் பழம் வேண்டும். எலுமிச்சை என்றால் 5 போதும். அப்படிப்பட்ட பானத்துக்கு 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். கீழே வரும் செய்முறையில் பழமும் எலுமிச்சையுமாகச் சுமார் 13 சதவீதம். வீட்டில் கலக்குவதற்கு வரி இல்லை.

நான்கு பேருக்குத் தேவையானவை: சுருங்கிய தோலுள்ள பேஷன் ஃப்ரூட் ஆறு, மறையூர் வெல்லம் 75 கிராம், எலுமிச்சை ஒன்று, தேயிலைத்தூள் இரண்டு சிறு கரண்டி, சர்க்கரை சேர்க்காத சோடா அரை லிட்டர், உப்பு ஒரு சிட்டிகை, விரும்பினால் தட்டிய இஞ்சி ஒரு துண்டு.

முந்தைய நாள் இரவே பாதி வேலையை முடித்துவிடலாம். வெல்லத்தை அதே அளவு தண்ணீரில் போட்டு, இஞ்சியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். வெல்லத்தில் மண்ணும் சக்கையும் இருக்கும், வடிகட்டாமல் விடக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தேயிலைத்தூள் போட்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். இது சமவெளிக் கணக்கு. மூணாறு போல 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே இன்னொரு நிமிடம் கூடுதலாக விடலாம். டீயை முதலில் வெளியிலேயே ஆறவைத்து, பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடுங்காப்பி மாதிரி கடுமையாகப் போட்டால் குளிர்ந்ததும் கலங்கிவிடும். சோடா பாட்டிலைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்துக் குளிரவிடுங்கள்.

குளிர்ச்சி இங்கே வெறும் சுகத்துக்காக இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவான கரியமில வாயுவைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஜ்ஜியம் டிகிரியில் ஏறத்தாழ 1.7 லிட்டரைப் பிடிக்கும். வெதுவெதுப்பான சோடாவைத் திறந்தால் வாயு மேஜைவிரிப்புக்குப் போய்விடும், டம்ளருக்கு வராது. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சமவெளியில் அடைத்த பாட்டில் அங்கே இன்னும் சீறும். ஆனால் மூணாறின் குளிர் அதை ஓரளவு சரிக்கட்டிவிடும்.

விருந்தினர் உட்கார்ந்த பிறகு பழத்தை இரண்டாக வெட்டி, கரண்டியால் உள்ளே இருப்பதை வழித்தெடுங்கள். விதையோடு போடுவதா, வடிகட்டுவதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்துச் சர்பத்தில் 'கஸ்கஸ்' மிதப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு விதை பிடிக்கும். அந்தக் கஸ்கஸ் நம் சப்ஜா விதை. குருமாவுக்கு அரைக்கும் கசகசா என்று நினைத்துக்கொண்டு அதைத் தேடிப் போகாதீர்கள். பழக்கூழ், எலுமிச்சைச் சாறு, ஆறு மேஜைக்கரண்டி வெல்லப்பாகு, உப்பு, குளிர்ந்த டீ எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கலந்து நான்கு டம்ளர்களில் பாதிக்கும் குறைவாக ஊற்றுங்கள். ருசி பார்க்க வேண்டிய நேரம் இதுதான். கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், சோடா சேர்ந்தால் இறங்கிவிடும்.

சோடா கடைசியில்தான். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் வழியவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். டீக்கும் நுரை வரும் குணம் உண்டு, விதைகளும் குமிழிகளைக் கிளப்பும். அவசரப்பட்டால் பாதி பொங்கி வழிந்துவிடும். ஊற்றிய பிறகு கரண்டியைப் போட்டுக் கலக்கக் கூடாது. கட்டியாக வெல்லமோ சர்க்கரையோ போடாமல் பாகாகச் சேர்ப்பதும் இதற்காகத்தான். சோடாவில் விழும் ஒவ்வொரு சர்க்கரைப் பரலும் கொஞ்சம் வாயுவை வெளியே அனுப்பிவிடும். ஐஸ் வேண்டுமானால் காய்ச்சி ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே உறையவைத்தது நல்லது. எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ்கட்டி, இத்தனை கவனத்தையும் கெடுத்துவிடும்.

கூடவே என்ன பரிமாறுவது? புளிப்பும் குமிழியும் எண்ணெய்ப் பண்டத்துக்கு நல்ல ஜோடி. பருப்பு வடை, மசால் தோசை, பரோட்டா எதுவும் பொருந்தும். பால் சேர்ந்த இனிப்பு மட்டும் பொருந்தாது. தூரத்தில், பேஷன் ஃப்ரூட் வராத ஊரில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ப் பழத்தை எடுத்துக்கொள்ளலாம். நாகபுரியில் ஆரஞ்சு, மும்பையில் கோக்கம், டெல்லியில் ஃபால்சா. விதி ஒன்றுதான்: பழம், இனிப்பு, புளிப்பு, டீ, சோடா. ஐந்தில் எது எங்கிருந்து வந்தது என்று விருந்தினர் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

பிரஞ்சுக்குத் தமிழ்ச்சொல் கண்டுபிடிப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும். மூணாறு பஜாரில் ஞாயிற்றுக்கிழமை பத்து, பதினொரு மணிக்குக் கூட்டம் சேரும். அந்த வாரத்துச் சாமான் வாங்க வந்த தோட்டத்துக் குடும்பங்கள் அதில் இருக்கும். ஆறு நாள் கொழுந்து கிள்ளிய கைக்கு அன்று ஒரு நாள் விடுமுறை. அவர்கள் வீட்டில் டீத்தூள் இருக்கும், எலுமிச்சை இருக்கும். இரண்டு பழமும் ஒரு சோடாவும் வாங்கினால் பஞ்ச் தயார். நிதானமாகச் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமையை விடுதி விருந்தினர்களிடம் மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்று பெரிங்கர்கூடச் சொல்லவில்லை.